கண்மாய்க் கரையில் ஈபேர்டு: ஓர் ஊர்க்குழுவின் ஆறு ஆண்டு அனுபவம்

மதுரை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் பறவைகளை ஆறு ஆண்டுகளாக ஒரு சிறு குழுவாகக் கணக்கெடுத்து வருகிறோம். இரண்டு ஆசிரியர்கள், ஆடு மேய்ப்பவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி, முன்பு மடை திறந்து மூடும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், பொங்கலுக்கு ஊர் திரும்பும் இளைஞர்கள் சிலர் என எல்லோரும் சேர்ந்தாலும் குழுவில் பதினைந்து பேரைத் தாண்டாது. எங்கள் பதிவுகள் அனைத்தும், எங்கே எந்தப் பறவையைப் பார்த்தோம் என்று பட்டியலிடும் ஈபேர்டு (eBird) என்ற கைபேசிச் செயலியில்தான் இருக்கின்றன. நகரத்துப் பறவை ஆர்வலர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்களைப் போன்ற கிராமத்துத் தன்னார்வலர்களுக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய இலவசச் சேவை இது. இந்தியாவில் பேர்டு கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இதன் பயன்பாட்டை ஒருங்கிணைக்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் நடத்தும் பறவைகள் கணக்கெடுப்பும் இதில்தான் பதிவாகிறது. நாங்களும் அந்தக் கணக்கெடுப்பு வழியாகத்தான் உள்ளே வந்தோம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும் என்ற ஒரே நிபந்தனை, வேலைக்குப் போகிறவர்களுக்கும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கும் ஒத்துவந்தது.

செயலியைத் திறந்து பட்டியலைத் தொடங்கினால் நேரமும், நாம் நடந்த தூரமும் தாமாகவே பதிவாகிவிடும். பறவைப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே பெயர் மேலே வந்துவிடும். அந்த இடத்தில் அந்த மாதத்தில் காணக்கூடிய பறவைகளை முதலில் காட்டுவதால், உலகத்துப் பறவைகளுக்கு நடுவே நம் ஊர்ப் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்தியப் பறவைப் பட்டியலை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்யும். வீட்டுக்கு வந்து இணைப்புக் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். எங்கள் கண்மாயின் மேற்குக் கரையில் அலைபேசிக் கோபுரம் எட்டாது. இந்த ஒரு வசதி இல்லாமலிருந்தால் முதல் ஆண்டிலேயே விட்டிருப்போம்.

ஆனால் இந்தச் செயலியின் உயிர் அதன் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. பட்டியலை முடிக்கும்போது, உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று அது கேட்கும். ஆம் என்று பதில் சொன்னால் அது முழுமையான பட்டியல் ஆகிவிடும். அப்போது எழுதிய பெயர்களுக்கு மட்டுமல்லாமல் எழுதாத பெயர்களுக்கும் பொருள் வந்துவிடுகிறது: பத்து முழுமையான பட்டியல்களில் பனங்காடை ஒன்றில்கூட இல்லை என்றால் அதுவே ஒரு செய்தி. தொடக்கத்தில் நாங்கள் காக்கையையும் மைனாவையும் மடையானையும் எழுதுவதை வீண் வேலையாக நினைத்து, கூழைக்கடா வந்தால் மட்டும் ஆர்வமாகப் பதிவு செய்தோம். இந்தக் கேள்விதான் எங்கள் பழக்கத்தை மாற்றியது. இப்போது குழுவில் யார் காக்கையை விட்டுவிட்டாலும் மற்றவர் உடனே நினைவூட்டுகிறார்.

எண்ணிக்கை எழுதுவதில் ஒரு விதியை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் அனுபவம். எண்ணாமல் விட்ட பறவைக்கு 'எக்ஸ்' என்ற குறியை இட்டு, இருந்தது என்று மட்டும் காட்டச் செயலி இடம் கொடுக்கிறது. அந்த வசதியில் நாங்கள் முதல் ஆண்டு முழுவதும் 'எக்ஸ்' போட்டுத் தள்ளியதால், பின்னால் எந்த ஆண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் அந்த ஆண்டின் உழைப்பு பாதி வீணாயிற்று. பெருங்கூட்டமாக இருந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் கண்ணால் அளந்து, அதே அளவை கூட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே போனால் ஓரளவு நெருங்கிய எண்ணிக்கை கிடைக்கும். தோராயமான எண், 'எக்ஸ்' குறியைவிட எவ்வளவோ மேல்.

பெயர்கள்தான் எங்களுக்குப் பெரிய மேடாக இருந்தன. நாங்கள் ஆங்கிலப் பெயர்களோடுதான் பயன்படுத்துகிறோம். குழுவில் பறவைகளை நன்றாக அறிந்தவர்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. போன தை மாதத்தில் ஒரு விடியற்காலையில் பனி விலகாத நேரத்தில் கலுங்குப் பக்கம் நின்றிருந்தோம். நடுத்திட்டில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு கூட்டம் தெரிந்தது. மாணவி இருநோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். பெரியவர் வெறுங்கண்ணால் பார்த்தபடியே, “அது நத்தகுத்தி, தாயி. வாய மூடுனாலும் நடுவுல சந்து தெரியும் பாரு” என்றார். அவள் மீண்டும் பார்த்தாள். மூடிய அலகின் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நத்தைகுத்தி நாரை என்பதற்கு நேரான ஆங்கிலப் பெயரை அவள் தன் நோட்டில் தேடிச் செயலியில் இட்டாள். அந்த நோட்டு நாங்கள் தயாரித்தது: இடப்பக்கம் எங்கள் ஊர்ப் பெயர், நடுவில் நூல்களில் வழங்கும் தமிழ்ப் பெயர், வலப்பக்கம் செயலியில் வரும் பெயர். புதிதாகத் தொடங்கும் எந்த ஊர்க்குழுவும் செயலியைத் தரவிறக்கும் முன்பே இப்படி ஒரு நோட்டைத் தொடங்கிவிட வேண்டும்.

அந்த நோட்டிலும் எல்லாம் அடங்கிவிடாது. எங்கள் ஊரில் சேற்றோரம் ஓடித் திரியும் பல பறவைகளுக்கும் உள்ளான் என்ற ஒரே பெயர்தான். செயலியிலோ ஒவ்வொன்றும் தனித்தனி வகை. இத்தகைய இடங்களில் ஊகித்து எழுதாமல், உள்ளான் இனத்தில் ஏதோ ஒன்று என்று பொதுவாகக் குறிக்கும் பதிவுகளும் பட்டியலில் இருக்கின்றன. தெரியாததைத் தெரியாது என்றே எழுத இடம் கொடுக்கும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ எழுதினால் செயலி அங்கேயே விவரம் கேட்கும். பிறகு அந்தப் பகுதிக்குப் பொறுப்பான தன்னார்வச் சரிபார்ப்பாளர் பார்த்து, தேவைப்பட்டால் மின்னஞ்சலில் கேள்வி அனுப்புவார். இதைச் சந்தேகப்படுதல் என்று எங்களில் சிலர் முதலில் வருத்தப்பட்டார்கள். உறுதியாகாத பதிவும் நம் பட்டியலில் அப்படியே இருக்கும், பொது வரைபடங்களில் மட்டும் சேராது என்று விளக்கிய பிறகு அந்த வருத்தம் நீங்கியது. படம் எடுக்க முடியாவிட்டாலும் அலகின் நிறம், காலின் நீளம், பறந்த விதம் ஆகியவற்றை அங்கேயே இரண்டு வரி எழுதி வைத்தால் பின்னால் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும்.

இத்தனை பாடுபட்டு எழுதுவதால் என்ன கிடைக்கிறது என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் இரண்டு செய்திகளைச் சொல்வேன். 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்டில் சேர்த்த மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு, 942 வகைப் பறவைகளின் நிலையை 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை மதிப்பிட்டது. கிராமத்தில் யாரும் அரிதென்று நினைக்காத பனங்காடை கணிசமாகக் குறைந்துவருவதை அதுதான் எடுத்துக் காட்டியது. மயில் பெருகிவருகிறது என்று நம் விவசாயிகள் சொல்லிவந்ததும் அதில் உறுதியாயிற்று. இன்னொன்று எங்களுக்குப் பக்கத்து ஊரான அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அரசு அறிவித்தபோது, அங்கே சுமார் 250 பறவை வகைகள் இருப்பதும், லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய வேட்டைப் பறவைகள் வாழ்வதும் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக விடப்பட்ட ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்த வரையிலும் அந்தப் பறவைகளின் பெயர்கள் பேச்சில் இருந்துகொண்டே இருந்தன. கழுகு இருக்கிறது என்று எவரோ பாறையடியில் பல நாள் காத்திருந்து பார்த்து எழுதி வைத்திருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

குறையென்று பார்த்தால், இது பறவைகளுக்கு மட்டுமே ஆனது. பட்டாம்பூச்சி, பாம்பு, தேவாங்கு போன்றவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற வேறொரு சேவையைப் பயன்படுத்துகிறோம். அதில் படமோ ஒலியோ இருந்தால்தான் பதிவு பிறர் உறுதி செய்யும் நிலைக்குப் போகும். அருகிவரும் உயிரினங்களின் சரியான இடத்தை மறைத்துக் காட்டுவதால் வேட்டைக்காரர்களைப் பற்றிய அச்சம் ஓரளவு குறைகிறது.

இதைவிட என்னை உறுத்தும் குறை வேறு. தன் சிறு வயதில் இந்தக் கண்மாயில் எந்தப் பறவை எந்த மரத்தில் கூடு கட்டியது, எந்த ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு எது வராமல் போனது என்றெல்லாம் பெரியவர் சொல்வதற்கு இந்தச் செயலியில் கட்டம் இல்லை. நாளும் நேரமும் எண்ணிக்கையும் கேட்கும் ஒரு பதிவேடு அப்படித்தான் இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொல்வதற்கான இடம், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்ததையும் எழுதித் தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. செயலியே போதும் என்று இருந்துவிடும் குழு, தன் ஊரின் நினைவில் பாதியை இழந்துவிடும். அவர் சொல்லச் சொல்ல மாணவி இப்போது அதே நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வருகிறாள்.

தொடங்க நினைப்பவர்கள் தங்கள் கண்மாயை ஈபேர்டில் ஒரு பொதுப் பறவையிடமாக (hotspot) சேர்க்கும்படி முதலில் பரிந்துரைத்து, ஒவ்வொரு முறையும் அந்த ஒரே இடத்தின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் எல்லோர் பட்டியலும் ஒரே பக்கத்தில் சேர்ந்து, எந்த மாதத்தில் எது வருகிறது என்ற பட்டை வரைபடம் தானாக உருவாகும். பொங்கலுக்கு மட்டும் கூடாமல், கண்மாய் வற்றிக் கிடக்கும் சித்திரையிலும் ஒரு முறை போய் நில்லுங்கள். எங்கள் வரைபடத்தில் இன்னும் வெறுமையாக இருப்பது அந்தக் கோடை மாதங்கள்தான்.