வெட்பாலைத் தைலம்: செதிலுக்கு நல்லது, நோய்க்கு அது மட்டும் போதாது

நெல்லை டவுன், பாளையங்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளில் தோல் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸுக்கு என்று கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் வெட்பாலைத் தைலம்தான். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் இந்நோய்க்குப் பழகிய மருந்து. செதிலை இளக்க இதைத் தாராளமாக வாங்கலாம். நோயே போய்விடும் என்று வாங்க வேண்டாம்.

மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் நாலைந்து நாளிலேயே, உட்கரு கூடக் கரையாமல், முற்றாத செல்லாக மேலே வந்துவிடும். வெள்ளிச் செதில் அடுக்கடுக்காகச் சேர்வது அதனால்தான். செல் பிரிவதற்கு வேண்டிய பாலிஅமைன் என்னும் வேதிப்பொருள்களுக்கு வழிவிடும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதி மிகுந்திருக்கும். மேலடுக்கில் புரதங்களைப் பிணைத்து இறுக்க வேண்டிய டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி, கீழேயே வேலையைத் தொடங்கிவிடும். இவ்வளவையும் முடுக்குவது நோய் எதிர்ப்பு செல்கள் விடும் இன்டர்லூகின் 17, 23 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள். மேலே பூசும் எண்ணெய் ஒன்றே அதை அடக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

வாங்கும்போது பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். நிறம் ஆழ்ந்த ஊதாவாக இருக்க வேண்டும். அடியில் நீர் தங்கியிருந்தாலோ சிக்கு வாடை அடித்தாலோ விட்டுவிடுங்கள். வெட்பாலை இலையை ஈரம் போகத் துடைக்காமல் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் இப்படித்தான் கெடும். வீட்டில் போடுகிறவர்களும் இதில்தான் தவறுகிறார்கள். மூன்றே நாளில் படை மாயமாகும் பெயரில்லா களிம்பைத் தந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். பிறகு உள்ளங்கை அகலப் படைக்கு நாலைந்து சொட்டு, குளிப்பதற்கு அரை மணி முன்னால். சலித்த பாசிப்பயறு மாவால் மெதுவாகக் கழுவலாம்; பீர்க்கங்கூடு ஆகாது. செதிலைப் பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும், காயம் பட்ட இடத்தில் புதிய படையும் எழும். குளித்த ஈரம் காயுமுன் வெறும் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். நம்மூர் வெயிலில் அக்குள், தொடையிடுக்கில் எண்ணெய் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து புழுங்கும். துணியில் கறை ஏறும், பழைய வேட்டி நல்லது.

தைலத்தை நம்பி, சோரியாசிஸுக்கு டாக்டர் எழுதிய மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது செல் பெருக்கத்துக்கு வேண்டிய நொதியைத் தடுக்கும் மாத்திரை, வாரம் ஒருநாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நகத்தில் குழி விழுந்து, காலையில் விரல் மூட்டு விறைத்தால் கடையில் நிற்காமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.