ஊட்டிக்குக் குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

மேட்டுப்பாளையம் வரை எல்லோருக்கும் ஒரே ரோடுதான். அங்கே ஊட்டிக்கு இரண்டு வழி பிரிகிறது. பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. போனில் மேப் என்ன சொல்கிறதோ அதன்படி குன்னூர்ச் சாலையில் ஏறிவிடுகிறார்கள். தூரக் கணக்கில் அது சரி. குன்னூர் வழியே ஊட்டி 50 சொச்சம் கிலோமீட்டர், கோத்தகிரி வழியே 60 சொச்சம். முன்னது தேசிய நெடுஞ்சாலை 181. பழைய ஆட்கள் இன்னும் 67 என்றுதான் சொல்வார்கள். பின்னது ஈரோட்டில் கிளம்பி கோபி, சத்தி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி என்று ஊட்டிக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை 15. எண் பலகைகளை மட்டும் பார்த்தால் ஒன்று ராஜபாட்டை, இன்னொன்று குறுக்கு வழி என்று தோன்றும். ஆனால் வயதில் மூத்தது கோத்தகிரிப் பாதைதான்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறியபோது குன்னூர் வழி என்று ஒன்று கிடையாது. அவர் முகாம் போட்டது கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டியில். அவர் ஏற்பாட்டில் 1821-ல் தொடங்கி 1823-க்குள் மெக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி ஒரு பாதை போட்டார். இன்றைக்கு மேட்டுப்பாளையம்-சத்தி சாலையில் இருக்கிறதே சிறுமுகை, அங்கிருந்து கோத்தகிரிக்கு ஏறிய குதிரைப் பாதை அது. நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் வந்த முதல் தலைவாசல் அதுதான். கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கில் சல்லிவனின் பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அங்கே வண்டியை நிறுத்துவதில்லை என்பது என் சின்ன ஆதங்கம்.

பிறகு ஏன் கோத்தகிரி பின்னுக்குப் போனது? சல்லிவனே ஊட்டிக்கு மாறிவிட்டார், அது ஒன்று. சென்னை கவர்னர் லஷிங்டனுக்கு ஊட்டி மேல் தனி மோகம், அது இன்னொன்று. ஊட்டிதான் இலக்கு என்றால் கோத்தகிரி சுற்று. குன்னூர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து ஏறினால் கிட்ட. அதனால் 1830-களின் தொடக்கத்திலேயே லெ ஹார்டி என்ற அதிகாரியின் மேற்பார்வையில் குன்னூர் கணவாய்ப் பாதை போடப்பட்டது. அது செங்குத்து, பல்லக்குக்கும் மட்டக்குதிரைக்கும் சரி, பாரவண்டிக்கு லாயக்கில்லை. வண்டி ஏறும் சாலை 1871-ல்தான் முடிந்தது. அதைப் போட்ட கர்னல் லா பெயரில்தான் குன்னூருக்குக் கீழே இருக்கும் லாஸ் அருவி. இன்று நாம் 14 கொண்டை ஊசி வளைவு எண்ணிக்கொண்டு ஏறுவது அடிப்படையில் அவர் வகுத்த தடத்தில்தான்.

கோத்தகிரிக்கும் 1870-களில் மேட்டுப்பாளையத்திலிருந்தே புதுச் சாலை வந்தது. ஆனால் அதற்குள் ஆட்டம் கைமாறிவிட்டது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. அங்கே இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு டோங்கா என்ற குதிரை வண்டிகள் குன்னூருக்கு ஓடின. 1899-ல் பல்சக்கர ரயிலே குன்னூர் வரை ஏறிவிட்டது, 1908-ல் ஊட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. ரயில் எந்தப் பள்ளத்தாக்கில் போகிறதோ அங்கேதான் ஊரும் வளரும். வெலிங்டன் கன்டோன்மென்ட், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, லவ்டேல் பள்ளி எல்லாமே இந்தப் பாதையில்தான் வரிசையாக இருக்கின்றன. கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. அது படகர் ஊர்களும் தேயிலைத் தோட்டங்களுமாக அப்படியே இருந்துவிட்டது. இன்று அந்தச் சாலையில் நிம்மதியாக ஓட்ட முடிகிறது என்றால் 150 வருஷத்துக்கு முன்னால் அது தோற்றதுதான் காரணம்.

ஏறும்போது

முதல் தடவை ஊட்டி போகிறவருக்கு நான் குன்னூரைத்தான் சொல்வேன். கல்லாறு தாண்டியதும் பாக்குத் தோப்பின் பச்சை இருட்டு, அதிலிருந்து விடுபட்டு முதல் வளைவு, அப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கொஞ்சம் குளிர்வது என்று மலை ஏறுகிற உணர்வை அது முழுசாகக் கொடுக்கும். பர்லியாறில் நின்றே ஆக வேண்டும். பஸ்களும் அங்கே நிற்கும். டீக்கடை, பழக்கடை, காரின் மேல் உட்கார்ந்து வைப்பர் ரப்பரைப் பிய்க்கும் குரங்குகள். அங்கே தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணை இருக்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், துரியன் எல்லாம் விளையும். மழைக்காலத் தொடக்கத்தில் போனால் கடைகளில் மங்குஸ்தானைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வாங்கும்போது தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் பழசு, உள்ளே சுளை மஞ்சளாகியிருக்கும். லேசாக அமுங்கினால் நம்பி வாங்கலாம்.

குன்னூர்ச் சாலையின் தொல்லை குன்னூரேதான். மலையில் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் பஸ் நிலையம் பக்கத்து ரயில்வே கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஊட்டிக்குப் போக முடியும். சீசனில், அதுவும் மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில், குன்னூருக்குக் கீழே மரப்பாலம் என்ற இடத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்தால் ஆச்சரியமில்லை.

கோத்தகிரிச் சாலையின் குணம் வேறு. கொண்டை ஊசிகள் குறைவு. மலை முதுகைச் சுற்றிச் சுற்றி நீளமாக ஏறும். குஞ்சப்பனை சோதனைச் சாவடி வரைக்கும் காடு, அரவேணு நெருங்கும்போது தேயிலை. வாந்தி எடுக்கும் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை யோசிக்கலாம். வண்டி ஒடித்து ஒடித்துத் திரும்பாததால் வயிறு கொஞ்சம் தாங்கும். கடைகள் குறைவு, மெக்கானிக் கிடைப்பது கஷ்டம், அதனால் டயரும் டீசலும் கீழேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கோத்தகிரிக்கு மேல் கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா பிரிவு வரைக்கும் போகும் மலைமுகட்டுச் சாலை இருக்கிறதே, நீலகிரியிலேயே எனக்கு மிகப் பிடித்த துண்டு அதுதான். இருபுறமும் படகர் ஊர்களும் கேரட், பீட்ரூட் வயல்களும் படிப்படியாக இறங்கும். குன்னூர் வழியில் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவோம். இங்கே மேலிருந்து கீழே பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அரவேணுவை ஒட்டி விழும் கேத்தரின் அருவியை முழுசாகப் பார்க்க வசதியான இடம் குன்னூர்ப் பக்கத்து டால்பின் மூக்கு காட்சிமுனைதான். இரண்டு பாதைக்கும் நடுவே அப்படியொரு பெரும் பள்ளம் இருக்கிறது.

இறங்கும்போது

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கோத்தகிரி. சீசன் நாட்களில் நிர்வாகமும் இதையே செய்கிறது. ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். சுற்றுலா வந்தவர்கள் இதைத் தலைவிதி என்று நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது அவர்களுக்கு நல்லது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மலையில் இறங்கும்போது பிரேக்கையே நம்புவார்கள். குன்னூர்ச் சாலையில் அடுத்தடுத்து வளைவு வருவதால் பிரேக் ஆறவே நேரம் இருக்காது. ஒரு கட்டத்தில் கருகிய வாடை வரும், அப்புறம் பெடல் சும்மா உள்ளே போகும். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். 2023 செப்டம்பரில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்ததும் இறங்கும் வழியில்தான். கோத்தகிரி வழியிலும் இரண்டாவது கியர் கட்டாயம்தான், ஆனால் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்கிறது. எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது இரண்டுக்கும் பொது.

மழை வந்தால்

கேள்வி உண்மையிலேயே முக்கியமாவது இங்கேதான். நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழையில்தான் அடி. இரண்டு சாலையும் அந்தச் சரிவில்தான் ஏறுகின்றன, அதனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எதையும் முழுசாக நம்ப முடியாது. இருந்தாலும் வித்தியாசம் உண்டு. குன்னூர்ப் பாதையில் ரயிலும் ரோடும் ஒரே குறுகலான பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. மேலே ஒரு இடத்தில் மண் இளகினால் இரண்டுக்கும் சேர்த்து ஆபத்து. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து ரோட்டையும் தண்டவாளத்தையும் வாரிக்கொண்டு போனது, உயிர்ச்சேதமும் அதிகம். 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிவுகள். அப்போது கோத்தகிரிப் பக்கமும் தப்பவில்லை.

ஆனாலும் ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் காய்கறி லாரி போகும், ஆம்புலன்ஸ் போகும். குன்னூர்ச் சாலையில் மரம் விழுந்த சேதி வந்ததும் மேட்டுப்பாளையத்தில் போலீஸ் கோத்தகிரி பக்கம் கைகாட்டிவிடுவார்கள். இது 'சுற்று வழி' என்று அலட்சியம் செய்கிறவர்கள் அந்த நாட்களில் ஒருமுறை ஊட்டி மார்க்கெட் வியாபாரியிடம் பேசிப் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது இதன் தடுப்புச் சுவர்களுக்கும் மழைநீர்க் கால்வாய்களுக்கும் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

யானை விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். கல்லாற்றில் யானைகள் ரோட்டைக் குறுக்கே கடக்கும்; பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனையிலும் பர்லியாறிலும் ரோட்டோரமே வந்து நிற்கும். ஹாரன் அடிக்காமல், இறங்கி போட்டோ எடுக்காமல், தள்ளி நின்றால் போதும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர் வழி. 43 கொண்டை ஊசிகள். குந்தா மின்திட்டத்தின் பவர் ஹவுஸ்கள் இருக்கும் மலைப்பக்கம் அது. அழகில் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் ரோடு குறுகல், பல இடங்களில் போன் சிக்னல் இல்லை, யானை பஸ்ஸையே மறித்து நிற்கும் இடம். மலை ரோட்டில் கை தேர்ந்தவர்களும் பகலில் மட்டும் போகலாம். குடும்பத்தோடு முதல் பயணம் என்றால் வேண்டாம்.

மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக வரும் நீண்ட சாலையா, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசியில் ஏறும் குறுக்குச் சாலையா என்பதுதான் போட்டி. அங்கே மழைக்கணக்கும் தலைகீழ். ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம்தான் அடி வாங்கும். கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இறங்கத் தடை, ஏறலாம். மைசூர் ரோட்டில் வரும் பந்திப்பூர் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை ரோடே மூடல். 2024 மே முதல் ஈ-பாஸ் (வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேறு வந்துவிட்டது. எந்த வழியாக வந்தாலும் அதைக் கேட்பார்கள், கிளம்பும் முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.