ஓநாய்ச் சிலந்தி தேட எந்த ஹெட்லேம்ப்?

மூன்று ஏஏஏ பேட்டரியில் ஓடும் 200 லூமன் ஹெட்லேம்ப் தாராளமாகப் போதும். கற்றை குவிந்ததாக இருக்கட்டும். அகல ஒளி மட்டும் தருபவை இந்த வேலைக்கு வீண்.

ஓநாய்ச் சிலந்தியின் நடுவரிசைப் பெரிய கண்களுக்குள் ஒளியை வந்த வழியே திருப்பும் படலம் உண்டு. அதனால் விளக்கு நம் கண்ணை ஒட்டியே இருக்க வேண்டும். இடுப்பருகே பிடித்த டார்ச்சில் எதுவும் மின்னாது. பட்டையைப் புருவத்துக்குச் சற்று மேலே இறக்கிக் கட்டி, ஒளி ஐந்தாறு மீட்டர் தள்ளி விழும்படி சாய்த்தால் புல்லுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். தலையை லேசாக அசைத்தால் பனித்துளி வண்ணம் மாறி மினுங்கும். சிலந்தியின் கண்ணொளி நிலையாக நிற்கும்.

மலிவு விளக்குகளில், சாய்த்த கோணத்தில் விளக்கை நிறுத்தும் பற்கள் தேய்ந்து கற்றை சரிந்துவிடும். வாங்கும்போதே குலுக்கிப் பாருங்கள்.

நெருங்கும்போது மெதுவாக. சிலந்தியின் கால் மூட்டருகே உள்ள நுண்பிளவுகள் தரை அதிர்வையும், உணர்மயிர்கள் காற்றசைவையும் பிடித்துவிடும். பக்கத்தில் போனதும் சிவப்பு ஒளிக்கு மாற்றுங்கள். அந்த நிறம் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. தேடுவதற்குச் சிவப்பு உதவாது.

அமெரிக்க வயல்களில் வாழும் பார்டோசா மில்வினா என்ற சிறிய ஓநாய்ச் சிலந்தி, தன்னைத் தின்னும் டிக்ரோசா ஹெல்லுவோ என்ற பெரிய ஓநாய்ச் சிலந்தியின் பட்டிழையும் எச்சமும் படிந்த மண்ணில் நடமாட்டத்தையே குறைத்துக்கொள்ளும். அப்படி அசையாமல் கிடப்பதைக் கண்டுபிடிக்க இந்த விளக்கு நன்றாக உதவும்.