காந்தி சாலை மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளணு ஊசி

கீமோதெரபிக்குப் பின் அம்மாவுக்கு வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோனதால், ஃபில்கிராஸ்டிம் 300 மைக்ரோகிராம் ஊசியை ஐந்து நாட்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வேலூர் காந்தி சாலையில் உள்ள ஒரு மருந்துக் கடையில் அதை வாங்கி, குடியாத்தத்துக்குப் பேருந்தில் கொண்டு சென்றேன்.

ரத்த அணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி சொல்லும் சைட்டோகைன் என்னும் புரதங்களில் ஒன்றான ஜி-சிஎஸ்எஃப் என்பதன் செயற்கை வடிவமே இம்மருந்து. சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன் சிவப்பணுக்களுக்குச் செய்வதை இது நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களுக்குச் செய்கிறது.

புரத மருந்து என்பதால் இதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. வேலூரின் மே மாத வெயிலில் அது எளிதன்று. கடைக்காரர் ஊசியைத் தாளில் சுற்றி, பனிக்கட்டிப் பையில் நேரடியாகப் படாதவாறு தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, குலுக்க வேண்டாம் என்றும் பொறுமையாகச் சொன்னார். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி.

ஒரே குறை, எலும்பு வலி வரக்கூடும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு இடுப்பு வலியால் அம்மா துடித்தபோது மிகவும் பயந்துவிட்டோம். இம்மருந்துக்கு அது வழக்கமான பக்கவிளைவு என்று மருத்துவர் மறுநாள்தான் விளக்கினார். தமிழில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருந்தால் அந்த இரவு நிம்மதியாகக் கழிந்திருக்கும். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள் ஊசியை அன்றன்றைக்கு ஒவ்வொன்றாக வாங்கலாம். கடையில் அதற்கு மறுப்பதில்லை.