ஹட்டனில் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பு

பேச்சு ஆங்கிலம் படிக்க ஹட்டன் டவுனில் இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் நடக்கிற வகுப்பு. தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருக்கிற எனக்கு மெயில் எழுத வரும், வாய் திறந்து பேசத்தான் வராது.

படிப்பிக்கிற சேர் மரபுத்தொடர்களை மனப்பாடம் பண்ண விடமாட்டார். 'டேர்ன் எ ப்ளைண்ட் ஐ' (கண்டும் காணாத மாதிரி இருப்பது) படித்த அன்று பலகையில் கப்பல்களை வரிசையாகக் கீறினார். 1801, கோப்பன்ஹேகனில் பிரிட்டிஷ் கடற்படையின் சண்டை. சண்டையை நிறுத்தச் சொல்லி அட்மிரல் பார்க்கரின் கப்பலில் 39ஆம் இலக்கக் கொடிச் சமிக்ஞை ஏறுகிறது. பார்க்கருக்குக் கீழே சண்டையிட்ட நெல்சனுக்கு வலது கண் பார்வை 1794இலேயே கோர்சிகாவில் போய்விட்டது. தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைத்து, சமிக்ஞை எதுவும் தெரியவில்லை என்று சொல்லிச் சண்டையைத் தொடர்ந்தாராம். தொலைநோக்கி விஷயத்தைச் சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் சேர் பலகையை அழித்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு எல்லாரும் தங்கள் வேலையிடத்தை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பவர்களைப் பற்றி நான் சொன்னேன். முழுதாகப் பேசவிட்டு அப்புறம்தான் திருத்தினார். கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

இலக்கணம் அவ்வளவு ஆழமில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கென்றால் வேறு இடம் பாருங்கள். வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடியாது. மஸ்கெலியா பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தைச் சேரும்போதே சேரிடம் சொல்லிவையுங்கள், முன்கூட்டி அனுப்புவார்.