பாக்ஸ் ஸ்குவாட்டா, சாதா ஸ்குவாட்டா?

தோளில் எடைக் கம்பியைத் தாங்கி உட்கார்ந்து எழுவது சாதா ஸ்குவாட்; பின்னால் ஒரு பெட்டியைப் போட்டு அதில் உட்கார்ந்து எழுந்தால் பாக்ஸ் ஸ்குவாட். பவர்லிஃப்டிங் என்ற எடை தூக்கும் போட்டியில் பெட்டி கிடையாது. இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கினால்தான், தூக்கியது செல்லும் என்று நடுவர்கள் காட்டும் வெள்ளை விளக்கு எரியும். அதனால் சாதா ஸ்குவாட்தான் முதன்மை.

பாக்ஸ் ஸ்குவாட்டில், இறங்கிய வேகத்தில் கிடைக்கும் துள்ளல் போய்விடும். இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, ஒரு கணம் நின்று, அப்புறம் எழ வேண்டும். பிட்டத்துக்கும் பின்தொடைக்கும் வேலை அதிகம். இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் பவர்லிஃப்டிங் பயிற்சியாளர் லூயி சிம்மன்ஸ். ஆனால் அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் பலர், எழும்போது கைகொடுக்கும் இறுக்கமான ஸ்குவாட் சூட் என்ற உடையைப் போட்டுத் தூக்கியவர்கள். நம் கதை வேறு.

மதுரைப் பக்கத்துச் சின்ன ஜிம்களில் பெட்டி இல்லையென்றால் பெஞ்சைத்தான் இழுத்துப் போடுவார்கள். போட்டி பெஞ்ச்சே 42 முதல் 45 செ.மீ. உயரம், பலருக்கு அது அரை ஸ்குவாட்தான். உங்கள் தொடைக்கு ஏற்ற உயரத்தைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். தொம்மென்று விழாதீர்கள், முதுகுத்தண்டு பாவம். போட்டி நெருங்கினால் பெட்டியை ஓரங்கட்டுவதே என் கட்சி.