மரச்சட்டை போட்ட ஃப்ரீசர்: ஓராண்டுக்குப் பின்

வீட்டில் காய்ச்சிய பியரைக் குழாய் திறந்து பிடித்துக் குடிக்கும் ஆசையில், அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள என் வீட்டு கராஜில், 7 கன அடி கொள்ளளவுள்ள மேல்மூடி ஃப்ரீசர் ஒன்றை வாங்கி மரப்பலகை அடித்தேன். பியர் பீப்பாயை உள்ளே வைத்துக் குளிர்வித்து, குழாய் வழியே பிடிக்கும்படி மாற்றிய இத்தகைய ஃப்ரீசருக்கு இங்கே பெயர் கீசர் (keezer). நம் ஊர்க்காரர்கள் வெந்நீர் வருமா என்றுதான் கேட்கிறார்கள்.

ஃப்ரீசரைப் பொறுத்தவரை எனக்குத் திருப்தியே. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே மரச்சட்டம் பொருத்தி அதில்தான் குழாய்களுக்குத் துளையிட வேண்டும். பக்கச்சுவருக்குள் குளிரூட்டிக் குழல்கள் ஓடுவதால் அங்கே துளையிட்டால் பெட்டியே பாழ். அந்தக் குழல்கள் வெப்பத்தைச் சுவர் வழியாகவே வெளியேற்றுகின்றன என்பதை மறந்து, பலகைகளை நேரடியாக ஒட்டியதால், கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. கையை வைத்தால் மரம் சுட்டது. எல்லாவற்றையும் பிரித்து, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் புகத் திறந்துவைத்த பிறகே அடங்கியது.

தனியாக வாங்கிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி 3 டிகிரி செல்சியஸில் நிறுத்துகிறது. அதன் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் 19 லிட்டர் பீப்பாயின் பக்கவாட்டில் ஒட்டுவது நல்லது. மேலே தேங்கும் வெதுவெதுப்பால் முதல் கோப்பை முழுக்க நுரையாக வந்தது. சிறு மின்விசிறி வைத்ததும் பெரும்பாலும் சரியாயிற்று. அடியில் தேங்கும் நீரை மட்டும் இன்றும் துணியால்தான் துடைக்கிறேன்.